உப்புக் காவலில் ஓர் ஆய்வுக்கூடம்

"மிஸ், நாமும் கிருமி வளர்க்கலாமா?"

ஒக்கலிபுரத்துப் பிள்ளைகள் இதைக் கேட்காத வாரம் இல்லை. வளர்ப்பது ஒரு வேலையே இல்லை என்பேன். மீந்த சோற்றை மூடாமல் வைத்தால் போதும். பெங்களூரு மழைக்காலத்தில் தோல் செருப்பை அலமாரியில் மறந்துவிட்டால் அதிலேயே பூஞ்சணம் பூத்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வேண்டிய ஒன்றை மட்டும் வளர்க்க வேண்டும், வேண்டாத ஆயிரத்தை அண்டவிடக் கூடாது. நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழக்கும் கைவேலையில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

முதலில் தட்டைப் பார்ப்போம். பெட்ரித் தட்டில் ஊற்றி உறையவைக்கும் பொருளுக்கு அகர் என்று பெயர். ரம்ஜான் மாதத்தில் பாலில் காய்ச்சி வில்லை வில்லையாக வெட்டித் தருவார்களே, அந்தக் கடல்பாசிதான். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் மேல்தான் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்தார்கள். வெயில் ஏறினால் ஜெலட்டின் இளகிவிடும். போதாக்குறைக்குச் சில நுண்ணுயிர்கள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே, தன் வீட்டுச் சமையலறையில் பழ ஜெல்லிக்குச் சேர்க்கும் அகரைப் போட்டுப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். அகர் கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் உருகும். ஒருமுறை உறைந்துவிட்டால் உடம்புச் சூட்டில் வைத்தாலும் அசையாது. மூடி போட்ட தட்டை அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பெட்ரி 1887இல் அறிமுகப்படுத்தினார். தட்டுக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அகருக்கு ஃபேன்னியின் பெயரை யாரும் வைக்கவில்லை. மண்டபம், ராமேஸ்வரம் கடலில் மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்து வரும் நம் பெண்களின் பெயரும் எந்த அகர் டப்பாவிலும் இருக்காது.

இந்தத் தட்டைப் பழகாத கையில் கொடுத்தால் என்ன ஆகும்? மூடியை முழுதாகத் திறந்து மேஜையில் மல்லாத்தி வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவார்கள், எச்சில் தெறிக்கும். காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் வந்து உட்காரும். மூன்றாம் நாள் பார்த்தால் விதைத்தது ஒன்று, முளைத்தது வேறொன்று. முளைத்தது எது என்று பெயர் சொல்லவும் தெரியாது. சத்துள்ள தட்டில், நம் உடம்புச் சூட்டில் செழிப்பாக வளரும் ஒன்று நம் உடம்பிலும் வளரக்கூடியதாக இருக்கலாம். இந்தப் பயத்தால்தான் பல பள்ளிகளில் நுண்ணுயிர்ப் பாடம் கரும்பலகையோடு நின்றுவிடுகிறது. பள்ளிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. அது உப்பு.

நம் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு இருக்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். நாம் செய்யப்போகும் தட்டில் லிட்டருக்கு 250 கிராம். அந்த உப்பில் சாதாரண நுண்ணுயிரை விட்டால் அதன் உடம்பில் உள்ள தண்ணீர் வெளியே இழுபட்டு, வளர முடியாமல் சுருங்கிப்போகும். கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது இதனால்தான். ஆனால் இந்த உப்பில்தான் வாழ்வேன், இது குறைந்தால் செத்துப்போவேன் என்று அடம்பிடிக்கும் சில உயிர்கள் இருக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் நன்கு பழக்கமான ஒன்றின் பெயர் ஹாலோபாக்டீரியம் சலினாரம். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் அது பாக்டீரியா இல்லை. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பாக்டீரியாவிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. பெயர் அதற்கு முன்பே வைத்தாகிவிட்டது.

வெளியே அத்தனை உப்பு இருக்கும்போது இது மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? வெளியே சோடியம் உப்பு எவ்வளவு இருக்கிறதோ, ஏறக்குறைய அதற்கு ஈடாகப் பொட்டாசியம் உப்பை உள்ளே நிறைத்து வைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் இழுப்பு சமமாகிவிடுவதால் தண்ணீர் வெளியே ஓடுவதில்லை. அதன் புரதங்களும் அந்த உப்பிலேயே வேலை செய்யும்படி அமைந்தவை. வெறும் தண்ணீரில் போட்டால் அது உடைந்தே போகும். லிட்டருக்கு வெறும் 9 கிராம் உப்பு உள்ள நம் உடம்பில் அதற்கு வாழ்வு கிடையாது. மனிதருக்கு அது நோய் தந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் தும்மினாலும் தும்மலில் வந்தது உப்புத் தட்டில் முளைக்காது. மிகுந்த உப்பிலும் வளரும் பூஞ்சைகள் சில உண்டு. ஆனாலும் வகுப்பறையில் அவை வந்து தட்டைக் கெடுப்பது அபூர்வம்.

தூத்துக்குடிக்கோ வேதாரண்யத்துக்கோ விடுமுறைக்குப் போனால் உப்பளத்தை எட்டிப் பாருங்கள். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் காயவைப்பார்கள். நீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை ஒரு மிதவைக் கருவியை விட்டு டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். கடலிலிருந்து வரும்போது சுமார் 3 டிகிரி. 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விளையத் தொடங்கும். அந்தக் கடைசிப் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகவோ செந்நிறமாகவோ இருப்பதைப் பார்க்கலாம். அதற்குக் காரணம் ஹாலோபாக்டீரியத்தின் சொந்தக்காரர்களும், டுனாலியெல்லா என்ற நுண்பாசியும். சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக வாங்கிச் சூடேறுவதால் சீக்கிரம் வற்றுகிறது. ஆக, உப்பு விளைவதற்கு இவையும் ஒரு கை கொடுக்கின்றன. சரியாகக் காயாத கருவாட்டில் சில சமயம் இளஞ்சிவப்பாகத் திட்டுப் படிவதும் இந்தக் கூட்டத்தின் வேலைதான். அங்கே மட்டும் யாரும் இவற்றைப் பாராட்டுவதில்லை.

2020 ஜூன் மாதம் மகாராஷ்டிரத்தில் லோணார் ஏரி திடீரென்று இளஞ்சிவப்பாக மாறிய செய்தி உங்கள் அப்பா அம்மாவுக்கு நினைவிருக்கும். விண்கல் விழுந்து உண்டான பள்ளத்தில் தேங்கிய உப்பு ஏரி அது. ஊரெல்லாம் வதந்தி பறந்தது. விஷயம் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளைவரை போனது. புனேயில் உள்ள அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரைச் சோதித்தது. உப்பு விரும்பும் ஆர்க்கியாதான் காரணம் என்றார்கள். கொண்டுவந்த தண்ணீரை அசைக்காமல் வைத்தபோது சிவப்பு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டதாம். நிறம் தண்ணீரில் கரைந்த சாயமாக இருந்திருந்தால் அப்படிப் படிந்திருக்காது. பெரிய கருவி எதுவும் இல்லாமல், சும்மா வைத்துப் பார்த்தே தெரிந்துகொண்ட உண்மை அது.

இந்த உயிர்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்யும் ஷிலாதித்ய தாஸ்சர்மா தலைமையில், 2000ஆம் ஆண்டில் ஒரு வகை ஹாலோபாக்டீரியத்தின் மரபணுத் தொகுப்பு முழுதாக வாசிக்கப்பட்டது. அதில் 2,600க்கும் மேற்பட்ட மரபணுக்கள். அதோடு அவர் நிற்கவில்லை. இவ்வளவு சாதுவான உயிர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று சொல்லி, பிரியா தாஸ்சர்மாவோடு சேர்ந்து வகுப்பறைச் சோதனைகளை உருவாக்கினார். அங்கே பள்ளிகளுக்கு அவை பெட்டியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. இங்கே சண்டிகரில் அரசு நடத்தும் நுண்ணுயிர்த் தொகுப்பு மையம் போன்ற இடங்களுக்கு உங்கள் ஆசிரியர் எழுதிக் கேட்கலாம். நீங்களாக எழுத வேண்டாம், பள்ளி மூலம்தான் நடக்கும்.

சரி, சமையலுக்கு வருவோம். 1 லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 250 கிராம். மக்னீசியம் சல்பேட் 20 கிராம். இதுதான் மருந்துக்கடையில் பேதி உப்பு என்று கேட்டால் தருவது. பொட்டாசியம் குளோரைடு 2 கிராம், சோடியம் சிட்ரேட் 3 கிராம், சாப்பாட்டுக்குப் பெப்டோன் 10 கிராம். உறைவதற்கு அகர் 20 கிராம். பெப்டோனில் ஒரு கண்ணி இருக்கிறது. சில வகைப் பெப்டோனில் பித்த அமிலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு அது ஒன்றும் செய்யாது, ஹாலோபாக்டீரியத்தையோ உடைத்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் பெப்டோன் டப்பாவைச் சந்தேகப்படுங்கள்.

கலவையைக் குடுவையில் ஊற்றிப் பிரஷர் குக்கரில் வைப்போம். நம் ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சூடு ஒன்றிரண்டு டிகிரி குறைவாகத்தான் இருக்கும் என்பதால், புத்தகம் சொல்லும் 15 நிமிடத்துக்கு மேல் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைப்பது என் வழக்கம்.

வெந்த கலவையைத் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தாயிற்று என்றால், இனி கோடிழுப்பது. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நுனியில் சின்ன வளையம் உள்ள கம்பியை ஸ்பிரிட் விளக்கில் செக்கச்செவேல் என்று ஆகும்வரை காட்டுங்கள். ஆறட்டும். ஆறாமல் உப்புத் திரவத்தில் விட்டால் சடசடவென்று தெறிக்கும், கண்ணாடி போடாத கண்ணில் படலாம். ஆறிய கம்பியால் ஹாலோபாக்டீரியம் வளரும் சிவப்புத் திரவத்தில் ஒரு வளையம் எடுத்து, தட்டின் கால்பகுதியில் நெருக்கமாக முன்னும் பின்னும் இழுங்கள். அகரைக் கீறக் கூடாது. கம்பி அதன் முதுகைத் தடவிப் போகவேண்டும். மறுபடி கம்பியைச் சுட்டு, ஆறவைத்து, தட்டைத் திருப்பி, முதல் கோடுகளின் ஓரத்தை ஒன்றிரண்டு முறை மட்டும் தொட்டு அடுத்த கால்பகுதிக்கு இழுங்கள். இப்படியே மூன்றாவது, நான்காவது.

"உப்புதான் காவல் இருக்கே மிஸ், அப்புறம் எதுக்குக் கம்பியைத் திரும்பத் திரும்பச் சுடணும்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. வெளியாளைத் தடுக்க அல்ல, சொந்தக் கூட்டத்தைக் குறைக்கத்தான் சுடுகிறோம். முதல் கால்பகுதியில் கோடிக்கணக்கில் விழுந்திருக்கும். சுடாத கம்பியில் அந்தக் கூட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டு அடுத்த பகுதிக்கும் வந்துவிடும். சுட்டு, ஓரத்தை மட்டும் தொட்டு இழுத்தால், நான்காவது பகுதியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தனித்தனியாக விழும். தனியாக விழுந்த ஒன்று பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். அந்தப் புள்ளியில் இருக்கும் அத்தனையும் ஒரே வம்சம். நுண்ணுயிரியலில் தூய வளர்ப்பு என்பது அதுதான். இந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால், நாளைக்கு உப்புக் காவல் இல்லாத தயிர் பாக்டீரியாவைக் கொடுத்தாலும் உங்கள் கை தடுமாறாது.

தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பெயரையும் தேதியையும் மூடியில் எழுதாமல் அடிப்பக்கத்தில் எழுதுங்கள், ஏனென்றால் மூடிகள் இடம் மாறிவிடும். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நீர் உலர்ந்து தட்டெல்லாம் உப்புப் படிகம் பூத்துவிடும், அதை நுண்ணுயிர் என்று கொண்டாடுவீர்கள். இவற்றுக்கு 37 முதல் 42 டிகிரி சூடு பிடிக்கும். நம் ஊர்க் குளுமை போதாது. பழைய குண்டு பல்பும் வெப்பமானியும் வைத்த பெட்டி போதும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஈ.கோலை பாக்டீரியா நல்ல வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இது இரட்டிக்கச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் செந்நிறப் புள்ளிகள் தெரியும். அந்தச் செந்நிறம் கொளுத்தும் வெயிலிலிருந்து இதைக் காக்கிறது. காரட்டுக்கு நிறம் தரும் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

புள்ளிகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெரும்பாலானவை பாலேடு கலந்தாற்போல மங்கிய இளஞ்சிவப்பு. இடையில் ஒன்றிரண்டு மட்டும் கண்ணாடிபோலத் தெளிந்த சிவப்பு. இந்த உயிருக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவற்றால் மிதந்து, காற்றும் வெளிச்சமும் உள்ள மேற்பரப்புக்கு வந்து சேரும். அந்த அறைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் மங்கல். காற்றறை கட்டும் மரபணுவில் பழுது வந்த புள்ளி தெளிவாகிவிடும். தாஸ்சர்மா வாசித்த வகையில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று இப்படி மாறும். மரபணு மாற்றத்தை வெறுங்கண்ணால் எண்ணிப் பார்க்க இதைவிட வசதியான தட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நுண்ணோக்கியில் ஒரு வித்தை காட்டலாம். ஒரு சொட்டு வளர்ப்பைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மேலே மெல்லிய கண்ணாடியை மூடுங்கள். குச்சி குச்சியாகத் தெரியும். கண்ணாடி ஓரத்தில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர் விட்டு, மறு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து இழுங்கள். உப்புக் குறையக் குறையக் குச்சிகள் உருண்டையாகி, ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். சாயம் ஏற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். சாயத்தில் தண்ணீர் இருக்கிறதே! 1955இல் டுஸ்ஸோ என்பவர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தால் முதலில் அவற்றை நிலைநிறுத்திவிட்டு அப்புறம் சாயம் போடும் வழியைச் சொன்னார். வினிகரில் இருப்பதும் அசெட்டிக் அமிலம்தான். வேலை முடிந்ததும் நுண்ணோக்கியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

இந்த உடையும் குணத்தை வைத்தே டி.என்.ஏ.வையும் வெளியே எடுக்கலாம். செல்களை அடியில் படியவைத்து, மேலிருக்கும் உப்புநீரை இறுத்துவிட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றுங்கள். அத்தனையும் உடைந்து, திரவம் கொழகொழ என்று ஆகிவிடும். குளிர்ந்த ஆல்கஹாலைச் சோதனைக்குழாயின் ஓரமாக வழியவிட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை நூலாக டி.என்.ஏ. திரளும். கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

எண்ணும் பாடத்தில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். 1 மில்லிலிட்டர் வளர்ப்பை 9 மில்லிலிட்டரில் கலக்க வேண்டும். அதிலிருந்து 1 எடுத்து அடுத்த 9இல். இப்படி ஆறு குழாய் போனால் பத்து லட்சம் மடங்கு நீர்த்துவிடும். கடைசிக் குழாயிலிருந்து 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்பி, 40 புள்ளி முளைத்தால், முதல் வளர்ப்பில் மில்லிலிட்டருக்கு 40 கோடி. கணக்கு எளிது. ஆனால் அந்த 9 மில்லிலிட்டர் எல்லாமே உப்புநீராக இருக்க வேண்டும். வழக்கப்படி குழாய்களில் வெறும் தண்ணீரை ஊற்றிவைத்தவர்களின் தட்டு பளிச்சென்று காலியாக இருக்கும்.

கடைசியாக நீங்களே யோசித்துச் செய்ய ஒன்று. கல் உப்பின் படிகத்துக்குள் உப்பளத்து நீர் துளித்துளியாகச் சிறைப்பட்டிருக்கும், அதற்குள் இந்த உயிர்கள் உயிரோடு இருக்கலாம். மளிகைக்கடைக் கல் உப்பு, பாக்கெட் தூள் உப்பு, இந்துப்பு மூன்றையும் சோதித்துப் பாருங்கள். இந்துப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிய கடலின் உப்பு. அப்படிப்பட்ட பழைய உப்பில் முளைப்பது அன்றைக்கே அடைபட்டதா, பிற்பாடு ஒட்டியதா என்று அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஒவ்வோர் உப்பிலும் சில பரல்களைத் தட்டில் தூவி, மூடியை நாடாவால் ஒட்டிவிடுங்கள். முளைப்பது எதுவென்று தெரியாது என்பதால் பிறகு திறக்கவே கூடாது, ஆசிரியர் குக்கரில் வேகவைத்துத்தான் எறிய வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தட்டிலேயே லிட்டருக்கு 250 கிராம் உப்பு இருக்கிறது. முளைத்த சிவப்பு நீங்கள் தூவிய பரலிலிருந்து வந்ததா, தட்டு செய்த உப்பிலிருந்து வந்ததா? இதற்காகத்தான் எதையும் தூவாத ஒரு தட்டையும் கூடவே அதே பெட்டியில், அதே நாட்களுக்கு வைக்க வேண்டும். நன்றாக வறுத்து ஆறவைத்த கல் உப்பைத் தூவிய தட்டு ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. தூவாத தட்டும் சிவந்துவிட்டால் மற்றவற்றில் எத்தனை புள்ளி வந்திருந்தாலும் கணக்கில் சேராது. குக்கரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.